ஆர்வில் டாண்டியின் ஆறு சக்கரங்கள்

பதினாறரை அங்குலம். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்த அளவோ, பதினாறும் இல்லாமல் பதினேழும் இல்லாமல் நடுவில் ஒரு அரை. ஒரு காலத்தில், அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கிற பஸ் மாதிரியான வீட்டு வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த அளவுச் சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு நாள் கம்பெனிக்காரர்கள் அந்த அளவில் டயர் செய்வதை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியை வாங்கினவன் என்ன செய்வான் என்று ஒருத்தனுக்கும் கவலை இல்லை. கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று ஆர்வில் டாண்டி பாலைவனத்து ஊர்களில் எல்லாம் தேடினார். பிளைத்தில் கேட்டார், பார்க்கரில் கேட்டார், யூமா வரைக்கும் போய்க் கேட்டார். யூமாவில் கடைக்காரன், "அப்படி ஒரு சைஸ் இருக்கா என்ன?" என்று அவரையே திருப்பிக் கேட்டான். ஆர்வில் கடைக் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தார்.

சாதாரணமாகக் கோபப்படுகிற மனுஷன் இல்லை அவர். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே வயதானவர். ரோடு எது வயல் எது என்று தெரியாத பனிக் காலைகளில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டவர். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். மனைவி லவோன் அதே பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். இரண்டு பேருக்கும் ஓய்வு வந்ததும் வீட்டை விற்றார்கள், பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினார்கள், கோடைக்கு வடக்கே ஏரிக்கரை, குளிருக்கு அரிசோனாப் பாலைவனம் என்று கிளம்பிவிட்டார்கள். லவோன் வண்டிக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தாள். சொத்தெல்லாம் போன பிறகும் குலுக்கல் மட்டும் போகாத பணக்காரி என்று அதற்கு விளக்கமும் சொன்னாள்.

அந்த லவோனுக்குத்தான் மறதி வந்தது. முதலில் சூப்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பிறகு பெயர்கள் போயின. பிறகு, ஃபீனிக்ஸிலிருந்து பார்க்க வந்த சொந்த மகள் ஜனெலைக் கை குலுக்கி வரவேற்றாள். டாக்டர் வாயில் நுழையாத பேர் ஒன்றைச் சொன்னார். ஆர்வில் அதை ஒரு தடவை கேட்டுக்கொண்டதோடு சரி.

ஆனால் வண்டிக்குள் லவோனுக்கு மூளையின் தயவு தேவைப்படவில்லை. கையும் காலும் போதும். தண்ணீர் பம்பு சுவிட்ச் எங்கே, கெட்டில் எந்தக் கொக்கியில், திருப்பத்தில் திறந்துகொள்ளும் அலமாரிக் கதவை எப்படி இடுப்பால் தள்ளி மூடுவது, எல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாள், கண்ணை மூடிக்கொண்டு இறங்குவாள். ஜனெல் வீட்டில் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். அங்கே குளியலறை தெரியாமல் துணிகள் வைக்கும் அலமாரிக்குள் நின்று அழுதாள். திரும்பி வண்டிக்கு வந்த அன்று காபி போட்டு ஆர்விலுக்கு நீட்டி, "எங்க போய்த் தொலைஞ்ச இவ்ளோ நேரம்?" என்றாள். அன்றைக்கு அந்த மனுஷன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதார். வண்டி இருக்கிற வரைக்கும் லவோன் இருப்பாள் என்ற முடிவுக்கு வந்ததும் அன்றைக்குத்தான்.

ஜனெலுக்கு வேறு கணக்கு. பராமரிப்பு இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். பொல்லாத பெண் இல்லை அவள், பயந்தவள். போனில் பேசும்போதெல்லாம் அதையே சொல்வாள்.

"அம்மாவுக்கு ஒரு வீடு வேணும்பா."

"வீட்லதான் இருக்கா. வீட்டுக்குச் சக்கரம் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்" என்பார் ஆர்வில்.

இப்படியே ஓடியிருக்கும். டயர் வெடித்தது.

பாலைவனத்தில் தங்குகிற நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. வண்டியை நிறுத்திய உடனே சக்கரங்களுக்கு வெள்ளைத் துணி உறை மாட்டுவோம், வெயில் படக் கூடாதாம். வருஷத்தில் ஏதோ கொஞ்சம் ஓட்டம், மீதி நாள் எல்லாம் நிற்பு. அதனால் டயர் மேலே பள்ளம் வெட்டியிருக்கிற பட்டன் தேய்வதே இல்லை. உறையைத் தூக்கிப் பார்த்தால் கடையில் இருந்து நேற்று வந்த மாதிரி இருக்கும். அதற்குள்ளே ரப்பர் கிழடு தட்டி, பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடித்துக்கொண்டிருப்பதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? பக்கத்து முகாமில் இருந்த வெண்டல், முடிதிருத்தும் கடை வைத்திருந்து ஓய்ந்தவர், வாய் ஓயாதவர், ஆர்விலின் டயரைத் தட்டிப் பார்த்து, "யோவ், இது உன்னையும் என்னையும் பொதைச்சிட்டுத்தான் ஓயும்" என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்.

நெடுஞ்சாலையில், நல்ல பகலில், முன்பக்கத்து வலது டயர், ஓட்டுநருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த லவோனின் காலுக்கு அடியிலேயே வெடித்தது. தகரம் கிழிந்து தரை மேலே வளைந்தது. வண்டி சாலையோரப் பள்ளத்துக்கு இழுத்தது. ஆர்வில் பிரேக்கைத் தொடவில்லை. பஸ்காரப் புத்தி, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையும் வரை விட்டார். நின்ற பிறகுதான் ஸ்டியரிங்கை விட்டார். லவோன் காலுக்குக் கீழே வளைந்து நின்ற தரையைப் பார்த்துவிட்டு, "யாரோ கதவத் தட்றாங்க ஆர்வில், போய்ப் பாரு" என்றாள்.

உபரிச் சக்கரத்தை மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து வண்டியை முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஜனெல் அன்றே வந்து இறங்கினாள். கிழிந்த தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள், அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் அப்பாவிடம் வந்தாள்.

"இன்னும் அரை அடி உள்ள வந்திருந்தா அம்மாவுக்குக் கால் இருந்திருக்காது. தெரியுதா?"

"தெரியுது."

"என்ன செய்யப் போற?"

"டயர் மாத்தறேன்."

"இந்த சைஸே கிடைக்காதுன்னு நீயே சொன்ன. அப்பா, நான் சண்டை போட வரல. ஒண்ணு, வண்டிக்கு எல்லா சக்கரத்தையும் ஒழுங்கா மாத்து, நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். அந்த இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன்."

"கண்ணால பாரு. உன் வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன்" என்றார் ஆர்வில்.

சொல்லிவிட்டாரே ஒழிய வழி எதுவும் கையில் இல்லை. பழைய ரிம்மிலேயே பதினாறு அங்குல டயரை ஏற்றிவிடலாம் என்று முகாமில் ஒரு மேதாவி யோசனை சொன்னான். பிளைத்துக்கு வெளியே லாரி டயர் கடை வைத்திருந்த ரூபென் அதைக் கேட்டதும் கையை உதறினார்.

"அந்தப் பேச்சே வேணாம் பெரியவரே. காத்தடிக்கும்போதே தெறிச்சு ஆளக் கொன்னுரும். ரிம்மோட சேத்து ஆறையும் தூக்கிப் போடுங்க. பத்தொம்பதரைல வாங்க. சின்ன லாரிக்குப் போடற டயர். உங்க ஆயுசுக்கும் மேல தாங்கும்."

"எங்க ஆயுசு என்ன பெரிய ஆயுசு. அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்றார் ஆர்வில்.

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வருகிற சின்னக் கார் ஒன்று அவர்களுக்கு இருந்தது. முகாமில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதில்தான் போவார்கள். அதை விற்றார். போதவில்லை. ஜெனரேட்டரையும் விற்றார். கடைக்கு இனிமேல் வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று வெண்டல் சிரித்தார், ஆனால் ஜெனரேட்டரைத் தூக்கிக் கொடுக்கும்போது ஒரு பக்கம் பிடித்தவரும் அவர்தான்.

பிறகு அளவெடுப்பு ஆரம்பித்தது. ஆர்வில் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பெரிய சக்கரம் வந்தால் பின்பக்கம் ஜோடி டயர்கள் ஒன்றோடொன்று உரசுமா என்று அளந்தார். உரசினால் சூடேறித் தீப்பிடிக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்டயர் தகரத்தில் இடிக்குமா என்று இரண்டு பக்கமும் ஒடித்து அளந்தார். வேகம் காட்டும் முள் இனிமேல் குறைத்துக் காட்டும், அதற்கு எவ்வளவு கூட்டிப் படிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி தேய்ந்தது.

"யோவ், கல்யாணப் பொண்ணுக்குக் கூட இப்படி அளவெடுக்க மாட்டாங்கய்யா" என்றார் வெண்டல், மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி.

"நீ முடி வெட்டினவன். ஒரு விரக்கடை தப்புனா மறுபடி வளரும். இது வளராது."

"எத்தன காத வெட்டியிருக்கேன் தெரியுமா உனக்கு?" என்றார் வெண்டல். லவோன் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று ஆர்வில் யோசிக்கவில்லை. சிரித்தாள், அது போதுமாக இருந்தது.

ரூபென் கடையில் வேலை ஒரு பகல் முழுக்க நடந்தது. லவோன் கடை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணெதிரே ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தது அவள் வீடுதான். ஆர்வில் ஒவ்வொரு தடவையும் "இதோ" என்றார்.

கடைசி நட்டையும் இறுக்கி, வண்டியை இறக்கியதும் ரூபென் இரண்டு விஷயம் சொன்னார். "அம்பது மைல் ஓட்டினதும் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்க. புது ரிம் உக்காரும்போது நட்டு தளரும், அதுல அசட்டையா இருந்து சக்கரமே கழண்டு ஓடியிருக்கு. அப்புறம், வண்டி கொஞ்சம் ஒசந்திருக்கு. தாழ்வான பாலம் பாத்துப் போங்க."

உயரம் என்றதும் ஆர்வில் ஏணியை எடுத்தார். நம் ஆட்கள் எல்லாரும் வண்டியின் உயரத்தை எழுதி ஓட்டுநர் கண்ணுக்கு நேரே ஒட்டி வைத்திருப்பார்கள். பெட்ரோல் பங்குக் கூரையில் ஏசியை இடித்துக்கொண்டவர்கள் கதை எல்லாருக்கும் மனப்பாடம். கூரையில் இருந்த ஏசியின் உச்சியிலிருந்து தரைவரை அளந்தார். டயர் பெரிசு, அதோடு பழைய டயர் மாதிரி அமுங்கி நிற்காமல் விறைப்பாக நிற்கிறது. எல்லாம் சேர்த்து இரண்டு விரற்கடை கூடியிருந்தது. பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதி ஒட்டினார். எழுத்து கோணலாக இருந்ததால் கிழித்துவிட்டு இன்னொரு தடவை எழுதினார்.

கூரை இரண்டு விரற்கடை உயர்ந்தால் கதவும் உயரும், கதவுக்கடியில் இருக்கிற படியும் உயரும். இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? ஆனால் இந்த வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் பயம் தலைக்கு மேலேதான். பாலத்தைப் பார்ப்பார்கள், மரக்கிளையைப் பார்ப்பார்கள். காலடியை எவன் அளந்தான்? அன்று லவோன் ஏறும்போது ரூபென் ஒரு கையும் ஆர்வில் ஒரு கையும் பிடித்திருந்தார்கள். சிரமமில்லாமல் ஏறி, பகல் முழுக்கக் காத்திருந்த அசதியில் உள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டாள். முகாமில் வெண்டல் வந்து பார்த்துவிட்டு, "சீமாட்டி குதிகால் செருப்புல்ல போட்டுட்டு வந்திருக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஃபீனிக்ஸுக்குக் கிளம்பினார்கள். சொன்ன சொல்படி மகள் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்படி ஒரு ஓட்டத்தை அந்த வண்டியில் ஆர்வில் பார்த்ததே இல்லை. இழுப்பு இல்லை, நடுக்கம் இல்லை. லாரி தாண்டிப் போகும்போது ஆடும் பழைய ஆட்டம்கூட இல்லை. லவோன் தன் இடத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். நடுவில் திரும்பி, "நல்லா ஓட்டற நீ" என்றாள். பல மாசத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது. இன்னும் இரண்டு வருஷம், மூன்று வருஷம்கூட ஓட்டலாம் என்று மனசு கோட்டை கட்டியது. பாவம், கட்டட்டும்.

ஐம்பது மைல் ஆனதும், சொன்னபடியே, சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தினார். கடையிலேயே வாங்கி வைத்த, இறுக்கம் சரியானதும் டிக்கென்று சத்தம் கொடுக்கும் நீள ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"உக்காந்திரு கண்ணு. இதோ வந்துடறேன்."

"சரி" என்றாள் லவோன்.

ஓட்டுநர் பக்கத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டார். வண்டி நின்றால் லவோன் இறங்குவாள். இத்தனை வருஷமாக அப்படித்தான். வண்டி நின்றதும் இறங்கி, புல் இருந்தால் புல்லில், மண் இருந்தால் மண்ணில் நாலு எட்டு நடந்து இடுப்பை நிமிர்த்திக்கொள்வாள். அவள் சரி என்று சொன்னது வாய். கால் அதன் பழக்கத்தில் எழுந்து கதவுக்குப் போயிற்று. கதவு வண்டியின் மறுபக்கம். கைப்பிடியைப் பிடித்து, எப்போதும் போலக் கீழே பார்க்காமல், தரை இருக்க வேண்டிய இடத்தில் காலை வைத்தாள். தரை அங்கே இல்லை.

ஸ்பானர் டிக்கென்று சொல்ல, அடுத்த நட்டுக்குப் போனார் ஆர்வில். டிக். அடுத்தது. அந்தச் சத்தத்தில் அவருக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகச் சுற்றி வந்தபோதுதான் பார்த்தார். லவோன் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். கால் இருக்கக் கூடாத திசையில் திரும்பி இருந்தது. கத்தக்கூட இல்லை. "இங்க ஏதோ பள்ளம் தோண்டி வச்சிருக்காங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. கைப்பை வேண்டும் என்று லவோன் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் வண்டிக்குள் ஏறி எடுத்துவந்தார். இறங்கும்போது தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். இளம் ஆள், திடமான ஆள். "பாத்து, படி கொஞ்சம் ஒசரமா இருக்கு" என்று தன் கூட்டாளியிடம் சாதாரணமாகச் சொன்னார். ஆர்வில் அந்தப் படியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். வாருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏறினார்.

இடுப்பெலும்பு. அறுவை செய்தார்கள், அதற்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். எலும்பு கூடியது. மயக்கத்துக்குள் போனவளில் பாதிதான் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி நடையில் ஜனெல் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

"நான்தானேப்பா மாத்துன்னு சொன்னேன். நான் பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா..."

"நீ சொன்னது சரி. டயர்ல ஒரு குத்தமும் இல்ல" என்றார் ஆர்வில். "நான் கூரைய அளந்தேன் ஜனெல். ஏணி போட்டு ஏறி அளந்தேன்."

அவளுக்கு அது புரியவில்லை. எப்படி விளக்குவது?

லவோன் அந்த இல்லத்துக்கே போனாள். இனி நடக்க முடியாதவளை வண்டியில் ஏற்ற வழியில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பக்கத்திலாவது இருக்கலாம் என்று ஆர்வில் அந்த வட்டாரத்தில் வீட்டு வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் வளாகங்களில் இடம் கேட்டார். வண்டி பத்து வருஷத்துக்கு மேல் பழசென்றால் சேர்க்க மாட்டார்கள், பார்வைக்கு அசிங்கமாம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் எவனோ, அவனுக்கும் ஒரு நாள் வயசாகட்டும். ஒரு இடத்தில் ஆபீஸில் இருந்த பெண் வெளியே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "சக்கரமெல்லாம் ஜோரா இருக்கு சார். வண்டிதான் பழசு. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். இல்லத்து வளாகத்தில் இரவு நிறுத்த அனுமதி இல்லை. சின்னக் காரோ விற்றாயிற்று. எனவே பாலைவனத்தில் ஒதுக்குப்புறமாக நிறுத்திக்கொள்வதும், அவளைப் பார்க்க வேண்டும் என்றால் மொத்த வீட்டையும் கிளப்பிக்கொண்டு போவதும் என்று ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் வண்டி அத்தனை சுகமாக ஓடியது. அந்தச் சுகமான ஓட்டத்தை அவர் வெறுத்தார்.

போன வாரம் போனபோது லவோன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். தலை வாரி விட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் மரியாதையாகப் புன்னகைத்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ரொம்பத் தூரத்துலேருந்து வர்றீங்களா?"

"பாலைவனத்துப் பக்கத்துலேருந்து."

"எதுல வந்தீங்க?"

"வீட்டு வண்டில."

லவோன் முகம் மலர்ந்தது. "நல்ல விஷயம். டயரெல்லாம் சரியா இருக்கா? வெயில்ல பழைய டயர நம்பக் கூடாது."

"எல்லாம் புதுசு" என்றார் ஆர்வில்.

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கூச்சத்தோடு கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் மனம் புண்படுமோ என்று நினைத்தவளாக, மெதுவாகச் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்க. பொழுதோட கிளம்புங்க. உங்க வீட்டம்மா வழி பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"ஆமா, இருப்பா" என்று சொல்லிவிட்டு ஆர்வில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.